பதினைந்தை எட்டு என்றேன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும், இந்த வரியோடு மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீர வேண்டுமென்றால் படியுங்கள், யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். இந்தத் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து மூன்றே பேர். ஒருத்தி நான். மற்ற இரண்டு பேர் என் அப்பாவும் அக்காவும். அவர்களிடமிருந்துதான் இதை ஒளிக்க வேண்டியிருக்கிறது.

மே 10, சனி

குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா வெளியே கட்டிலில் தூங்குகிறார். அவர் குறட்டை நிற்காதவரை எனக்கு நேரம் இருக்கிறது.

என் பெயர் கனிஷ்கா. ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டேன். என் அக்கா பிரவீணா இந்தத் தீவில் டாக்டருக்குப் படிக்கிறாள். தீவின் பெயர் செயின்ட் ஆர்லோ. கரீபியன் கடலில் ஒரு பொட்டு மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூன்று விமானம், ஒரு படகு ஏறி இன்று சாயங்காலம் வந்து இறங்கினோம். அம்மா மாடுகளையும் செவலைக் கிடாரிக் கன்றையும் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டார்.

நாங்கள் வந்தது பணம் கட்ட. அக்காவின் ஃபீஸில் பாக்கி இரண்டாயிரத்து எண்ணூறு அமெரிக்க டாலர். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் கட்டாவிட்டால் அவள் பெயர் பரீட்சை லிஸ்டில் வராது. அப்படியானால் ஆறு மாதம் வீண், பாங்க் அடுத்த தவணைக் கடனும் கொடுக்காது. அந்தப் பணம் ஒரு கவரில், பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. செலவுக்கு ஐந்நூறு டாலர் தனியாக, என் சுடிதாருக்குள் இடுப்பில் கட்டிய துணிப் பையில். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. நான் இங்கிலீஷ் மீடியம். "பேச்சும் நீ, பொட்டியும் நீ அம்மிணி" என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார்.

படகுத்துறையிலிருந்து டாக்ஸி. டிரைவர் அறுபது டாலர் என்றான். நான் அறுபது டாலரை எடுத்துக் கொடுத்தேன். அவன் நோட்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "காட் பிளஸ் யூ" என்றான். எவ்வளவு மரியாதையான ஊர் என்று நினைத்தேன்.

அறைக்குள் வந்த பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். இந்தத் தீவுகளுக்கென்று தனி டாலர் இருக்கிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு இந்த ஊர் டாலர் இரண்டே முக்கால் வரும், கொஞ்சம் குறைய. எல்லோரும் இரண்டையும் டாலர் என்றுதான் சொல்கிறார்கள். துறையிலிருந்து டாக்ஸிக்கு இந்த ஊர் டாலர் அறுபது என்று அந்தக் காகிதத்திலேயே இருந்தது. அதாவது இருபத்திரண்டு கொடுக்க வேண்டிய இடத்தில் அறுபது கொடுத்திருக்கிறேன்.

"டாக்சிக்கு எத்தன ஆச்சு அம்மிணி?" என்று அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இருபத்திரண்டுங்ப்பா" என்றேன்.

"எச்சா கேட்டிருப்பானே?"

"இல்லீங்ப்பா. ரேட்டே அதுதானாம்."

மே 11, ஞாயிறு

காலையில் அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கூட வகுப்பில் படிக்கும் வம்சியும் வந்தான். குண்டூர்க்காரன். வேலூர்ப் பக்கம் ஹாஸ்டலில் படித்ததால் தமிழ் பேசுவான், எழுத்து மட்டும் தெரியாது. "அங்கிள், மாமிடிகாய் ஊறுகா கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டு அப்பாவைச் சிரிக்க வைத்தான்.

அப்பா அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

"ஏண்டி கனி, அப்பா கடைகண்ணியில வெலை பேசாமப் பாத்துக்கோடி."

"நான் எப்படிக்கா பாத்துக்கறது?"

"இங்க அதெல்லாம் வழக்கம் இல்ல. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் இன்னும் மூணு வருசம் இந்த ரோட்டுல நடக்கோணும். அந்தத் துண்டு வேற. சந்தைக்கு வந்தாப்புல." சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா மாட்டுத் தரகர். அந்தியூர்ச் சந்தையில் அவர் முடிக்காத வியாபாரம் இல்லை என்பார்கள். சொன்ன விலைக்கு அவர் ஒரு தீப்பெட்டி வாங்கி நான் பார்த்ததில்லை. அவர் கத்த மாட்டார், கெஞ்ச மாட்டார். ஒரு விலை சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார். ஊரில் அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு வீட்டுக்காரம்மா வாடகை பேச வந்தார். மிஸ் அடீனா. இங்கே பெரியவர்கள்கூட அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஸ்கூல் எச்.எம். மாதிரி நிமிர்ந்து நிற்கிறார்.

"ஒரு ராத்திரிக்கு எத்தனையாம்?"

"அம்பத்தஞ்சுங்ப்பா. அமெரிக்கா டாலரு."

"முப்பத்தஞ்சுன்னு கேளு. ஏழு ராத்திரி தங்கறோம், சும்மாவா? அம்பது, நாப்பத்தஞ்சுன்னு எறங்கி வரட்டும்."

மிஸ் அடீனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அக்கா நின்றாள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"உங்க வீடு எங்க அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மிஸ் அடீனா நெஞ்சில் கை வைத்து அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவும் கம்பீரமாகத் தலையசைத்தார்.

"படிஞ்சுதா?"

"படிஞ்சுதுங்ப்பா. முப்பத்தஞ்சு."

அப்பா கை கழுவப் போனபோது ஏழு இரவுக்கும் ஐம்பத்தைந்து வீதம் எண்ணிக் கொடுத்தேன். மத்தியானம் அப்பா வைஃபையில் அம்மாவிடம் பேசியது வாசல் வரை கேட்டது. "சாரதா, அம்பத்தஞ்சு சொன்னா. முப்பத்தஞ்சுக்கு முடிச்சேன். நான் வாயே தொறக்குல. புள்ள ஒரு வார்த்த சொல்லுச்சு, அந்தம்மா மடங்கிருச்சு. நம்ம கைராசி கடல் தாண்டியும் செல்லுதுன்னு வெய்யி."

இடுப்புப் பையில் ஐம்பத்தைந்து டாலர் மிச்சம். அப்பா கணக்கில் இருநூற்றுக்கு மேல் இருக்கிறது.

மே 12, திங்கள்

தீவில் ஒரே ஒரு ஏடிஎம். அப்பா கார்டை மூன்று முறையும் துப்பிவிட்டது. பாங்குக்கு போன் போட்டோம். வெளிநாட்டில் பயன்படுத்த முதலில் அனுமதி போட வேண்டுமாம், அதற்கு அப்பா நம்பருக்கு ஓடிபி வருமாம். அப்பா நம்பர் இங்கே வேலை செய்யாது. அந்த ஓடிபி எங்கள் மாட்டுத் தொழுவத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்.

"போச்சாது போ. அதான் கையில இருக்குதே" என்றார் அப்பா.

மே 13, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

அக்கா அறையில் சமைக்க ஒன்றுமே இல்லை என்று அப்பா நேற்றே பார்த்து வைத்திருந்தார். காலையில் சூப்பர் மார்க்கெட் போனோம். இங்கே கடைக்குள் நுழைந்ததும் குட் மார்னிங் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாமான் கிடைக்கும், முகம் கிடைக்காது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு தடவை சொன்னேன். குக்கர், அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய். பில் இந்த ஊர் டாலரில் இருநூற்று எழுபது. அமெரிக்க டாலரில் நூறு.

"நூத்தி அறுபதுன்னு கேளு" என்றார் அப்பா.

"அப்பா, வெலை ஒட்டியிருக்குதுங்ப்பா. மிசினு அடிக்குது."

"ஒட்டுனது பேசத் தெரியாதவனுக்கு. கேளு அம்மிணி."

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பில் போடும் பெண் நகத்தால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இதை விடப் பெரிய பை இருக்கான்னு அப்பா கேட்கிறார்" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் ஒரு பெரிய பையைக் கொண்டு வந்து வைத்தாள். நூற்று அறுபதுக்குப் படிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியா! வெலையும் கொறைச்சு, பையும் சும்மாத் தாராங்க!" பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவளும் சிரித்தபடி கும்பிட்டாள். பின்னால் நின்ற ஓர் ஆளும் கும்பிட்டார்.

அந்த நூறு டாலரில் அறுபதுக்கு மேல் ஃபீஸ் கவரிலிருந்து போனது. இடுப்புப் பை போதாது என்று எனக்கு முன்பே தெரியும். கிளம்பும்போதே கவரிலிருந்து சில நோட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். தெரிந்தே எடுத்தேன். இதை எங்காவது எழுதாவிட்டால் எனக்கு மூச்சு வராது.

அது மட்டுமென்றால் பரவாயில்லை. "இந்த வெலைக்கு ஊர்லகூடக் கெடைக்காது" என்று அப்பா மத்தியானம் மறுபடியும் கிளம்பிவிட்டார். அக்காவுக்கு ஒரு மெத்தை, ஒரு மேஜை ஃபேன். "புள்ள தரையில படுத்துப் படிக்குது, நாம மலிவா வாங்கிக் குடுக்காமப் போறதா?" நான் பொய் சொல்லச் சொல்ல இந்தத் தீவு அவருக்கு மலிவாகிக்கொண்டே போகிறது. மெத்தைக்கும் ஃபேனுக்கும் நூற்று அறுபது. தொண்ணூறு என்று சொன்னேன். முழுவதும் கவரிலிருந்து.

சாயங்காலம் துறையில் மீன். விண்டன் என்ற மீன்காரர் ஒரு பவுண்டு பதினைந்து, இந்த ஊர் டாலர், என்றார். எட்டுக்குக் கேட்கச் சொன்னார் அப்பா. நான் விண்டனிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் கடலைப் பற்றி நிறையச் சொன்னார். அப்பாவிடம் எட்டு என்றேன்.

அக்கா மெத்தையில் குதித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "அப்பா பேரம் பேசுனாரா?" என்றாள்.

"இல்லக்கா."

"தங்கம்டி நீ" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மே 14, புதன்

காலையில் எனக்கு வயிற்று வலி. நிஜமாகவே வலித்தது. அப்பா "நீ படுத்திரு, நான் சும்மா காலாற நடந்துட்டு வாரேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் தனியாக எங்கும் போனதில்லை. பத்து நிமிடம் கழித்துப் பயத்தில் நானும் ஓடினேன்.

துறையில் கூட்டம். நடுவில் அப்பாவும் விண்டனும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் வலது கைகளும் அப்பாவின் துண்டுக்கு அடியில். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் அப்படித்தான் செய்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாதென்று, துண்டுக்குள் கையைப் பிடித்து விரலை அழுத்தியே கேட்பார்கள், விரலை அழுத்தியே சொல்வார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கை என்றால் ஐந்து. இந்தத் தீவில் அதைப் பார்த்ததும் எனக்குக் கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

விண்டன் என்னைப் பார்த்ததும் கத்தினார். "உன் அப்பா என் கையை உடைக்கப் பார்க்கிறார்! மீனைக் காட்டினார், ஒரு விரலைப் பிடித்தார், முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் முழுக் கையை மூன்று தடவை அழுத்திவிட்டேன். அஞ்சு, அஞ்சு, அஞ்சு. பதினைந்து. நேற்றுச் சொன்ன அதே விலைதான்!"

கூட்டம் கைதட்டியது. அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அவர் சிரிக்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க கை நல்ல பலமா இருக்குதாம்."

"நேத்து எட்டுதானே சொன்னாரு?"

"ஆமாங்ப்பா. எட்டு."

என் முகத்தைப் பார்த்தார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது அவர் கண் அப்படி இருக்கும். பிறகு "செரி" என்றார். "இன்னைக்கு மீனு வேண்டாம். எனக்கும் வயிறு ஒரு மாதிரி இருக்குது."

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தார். வெயில் அதிகம், களைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். மத்தியானமும் சாப்பிடவில்லை. சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று கேட்டார்.

"அம்மிணி, நான் வெலை பேசுறது உனக்குக் கூச்சமா இருக்குதா?"

"இல்லீங்ப்பா. ஏன் கேட்கறீங்க?"

"சும்மாதான். இனி பேச வேண்டாம். ஆகுற வெலையக் குடுத்துரு."

எனக்கு எவ்வளவு நிம்மதி! இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிம்மதியாக இருக்கும்போதே அழுகை வந்தது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

இரவு அப்பா என் போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் அம்மாவிடம் வெகு நேரம் பேசினார். எப்போதும் போல் கத்திப் பேசவில்லை.

மே 15, வியாழன்

இன்று நான் செய்தது டாக்ஸியை விட, குக்கரை விட, எல்லாவற்றையும் விட மோசம். வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் அக்கா காலேஜைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துண்டு இல்லை. எனக்கு நினைவு தெரிந்து தோளில் துண்டு இல்லாமல் அவர் வெளியே வந்ததில்லை. கேட்டதற்கு "வெய்யிலுக்குக் கசகசங்குது" என்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடிக்கடி தோளைத் தடவிக்கொண்டார். அக்கா அவரைத் தன் டீச்சர்களிடம் "மை ஃபாதர்" என்று சொன்னாள். அவர் எல்லோருக்கும் நல்ல பிள்ளை மாதிரி "குட் மார்னிங்" என்றார். மத்தியானத்துக்கு மேலும் குட் மார்னிங் என்றே சொன்னார்.

திரும்பி வந்ததும் மிஸ் அடீனா என்னை அழைத்தார். முப்பத்தைந்து டாலரை என் கையில் வைத்தார்.

"ஒரு வாரம் தங்குபவர்களிடம் நான் ஐம்பதுதான் வாங்குவது வழக்கம். அன்றைக்கு உன் அப்பா கேட்பார் என்று பார்த்தேன். கேட்கிற ஆள் மாதிரிதான் இருந்தார். ஆனால் நீ கேட்கவே இல்லையே, டார்லின்?"

தேங்க் யூ மட்டும் சொன்னேன். அப்பா சொன்னது சரி. அவர் கேட்கச் சொன்னதை நான் அப்படியே கேட்டிருந்தால் மிஸ் அடீனா இறங்கி வந்திருப்பார், ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அந்த முப்பத்தைந்தையும் கவரில் வைத்து எண்ணினேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மீன், சாப்பாடு எல்லாமே கவரிலிருந்துதான். இன்னும் இருநூற்று முப்பது குறைகிறது. நாளைக் காலை ஒன்பது மணி.

மாலையில் அம்மா போன் செய்தார். தொழுவத்துப் பக்கமிருந்து பேசினார், ஆனால் கிடாரியின் சத்தமே இல்லை.

"செவலக் கெடாரி எங்கம்மா? கத்துறதே கேட்கல?"

"புடிச்சுட்டுப் போயிட்டாங்க கண்ணு. உங்கப்பாதான் குடுக்கச் சொன்னாரு."

"தீபாவளி வரைக்கும் விக்க மாட்டேன்னாரே?"

"விக்கற நேரம் வந்தா விக்கறதுதான். பணத்தக் கையோட குண்டூருக்குப் போட்டாச்சுன்னு அவருகிட்டச் சொல்லிரு. அவருக்குத் தெரியும். நீ நல்லா சாப்புடு, எதையும் நெனச்சுக்காத."

கிடாரி என்ன பாவம் செய்தது என்று வருத்தமாக இருந்தது. ஆந்திராப் பக்கம் ஏதோ மாட்டு யாவாரம் போல. அப்பாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் வம்சி வந்தான். இரண்டு பேரும் படிக்கட்டில் ஏதோ தணிவாகப் பேசினார்கள். அவன் போனதும் அப்பா புடைத்திருந்த சட்டைப் பையின் பட்டனைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். என்ன என்று கேட்டேன். "சும்மா, ஊர்க்கதை" என்றார். வம்சி என் முகத்தைப் பார்க்காமல் போனது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஏழு மணிக்கு அக்கா வந்தாள். "கவர் பத்திரமா இருக்குதாடி?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அதைச் செய்தேன். நாள் முழுவதும் யோசித்து வைத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தானாக வாயில் வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

"இருக்குதுக்கா. ஆனா நேத்து துறையில இருந்து வந்தப்ப கதவு தெறந்து கெடந்துச்சு. கவரு எடம் மாறி இருந்தாப்புல இருக்குது."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "யாரு உள்ள வருவா?"

"யாரும் வர மாட்டாங்க. மிஸ் அடீனா மட்டும் பெருக்க வருவாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் பெருக்க வருவது உண்மை. அந்த உண்மையை எடுத்துத்தான் அவர் தலையில் போட்டேன். மத்தியானம் என்னை டார்லின் என்றவர்.

"எண்ணுடி. இப்பவே எடுத்து எண்ணு."

பெட்டிச் சாவியை எடுத்தேன். அப்போது அப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார். "வெளக்கு வெச்ச பொறகு காசு எண்ணக் கூடாது. காலைல எண்ணிக்கலாம்."

"அப்பா, இந்த நேரத்துல சாத்திரமா?"

"சாத்திரந்தான். வெய்யி."

அப்பா அப்படியெல்லாம் பார்க்கிறவர் இல்லை. சந்தை நாளில் ராத்திரி பதினோரு மணிக்கும் எச்சில் தொட்டு எண்ணுவார். எப்படியோ, சாவியைப் பையில் போட்டுவிட்டேன்.

"செரி. காலைல எண்ணிக் கொறஞ்சுதுன்னா நான் மொதல்ல மிஸ் அடீனாவத்தான் கேப்பேன்" என்றாள் அக்கா. "நம்பித் தங்குனா இப்படியா!"

"அந்தம்மா எடுக்குல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டப் பாத்துச் சொல்றவன், மனுசரப் பாத்துச் சொல்ல மாட்டனா? அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டீன்னா அப்பறம் நான் உன் காலேசுப் பக்கமே தலை காட்ட மாட்டேன் சாமி. வந்தப்ப கதவ நாந்தான் தெறந்தேன். பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் இதை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கோபத்தோடு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு வருவாள். வந்து எண்ணுவாள். அப்பா சொன்னாலும் கேட்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். மிஸ் அடீனா நெஞ்சில் கை வைத்து நிற்பார். நான் அதையும் தமிழில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முன்னால் இல்லை, ஏழு மணிக்கு முன்னால். அப்பாவிடம். எப்படி ஆரம்பிப்பதென்றுதான் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா, நான் உங்களிடம் ஒன்று

அப்பா, டாக்ஸிக்கு அன்றைக்கு

அப்பா, நீங்கள் சொன்ன விலையை நான் ஒருவரிடமும் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களைப் பார்த்து

கட்டில் சத்தம் போட்டது. குறட்டை நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று கவனிக்கவில்லை. இன்றைக்குக் குறட்டையே கேட்டதா என்றும் தெரியவில்லை. காலடிச் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

"அம்மிணி, வெளிய வர வேண்டாம். அழுகாத. எத்தன கொறையுதுன்னு மட்டும்